துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம்: பழைய தோட்ட டிராக்டரும் புதுப் பெயிண்டும்

அமெரிக்காவில் பழைய தோட்ட டிராக்டர்களை வாங்கி, பழுது பார்த்து, மறுபடி ஓட விடுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னொரு வேலையும் நடக்கிறது. ஐம்பது அறுபது வருடப் பழைய வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்குவது, ஒரு சனி ஞாயிறில் ஸ்ப்ரே டப்பாவால் வண்ணம் அடிப்பது, புது ஸ்டிக்கர் ஒட்டுவது, "முழுமையாகச் சீரமைக்கப்பட்டது" என்று விளம்பரம் போட்டுப் பல மடங்கு விலைக்குத் தள்ளிவிடுவது! இதற்குப் பெயர் சீரமைப்பு இல்லை. மேக்கப்.

'போகட்டும், யாரோ வாங்குகிறார், யாரோ விற்கிறார், இதில் என்ன குடி முழுகிவிட்டது?' என்று கேட்கலாம். முழுகுவது எது என்று தெரிய, முதலில் இந்த வண்டி என்ன என்று தெரிய வேண்டும்.

தோட்ட டிராக்டர் என்பது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி அல்ல. புல்வெட்டி புல் மட்டும் வெட்டும். தோட்ட டிராக்டர் கலப்பை இழுக்கும், மண்ணைக் கிளறும், குளிர்காலத்தில் பனியைத் தள்ளும், வண்டியில் விறகு ஏற்றி இழுத்து வரும். பெரிய பண்ணை டிராக்டரின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். சவுத் பெண்ட் நகரில் எல்மர் பாண்டும் அவர் மகன் செசில் பாண்டும் 1946ல் தொடங்கிய தொழில்தான் பிறகு 'வீல் ஹார்ஸ்' ஆனது. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961ல் 'கப் கேடட்' வண்டியைக் கொண்டு வந்தது. ஏழு குதிரைத் திறன் என்ஜின். கியர் பாக்ஸோ, 'ஃபார்மால் கப்' என்ற நிஜப் பண்ணை டிராக்டரின் கியர் பாக்ஸை ஒட்டிச் செய்தது. ஜான் டியர் 1963ல் தன் '110' வண்டியோடு களத்தில் இறங்கியது.

இவற்றில் ஏராளமான வண்டிகளுக்கு இதயம் கோலர் நிறுவனத்தின் 'கே' வரிசை என்ஜின். ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். இன்றைய மலிவு விலைப் புல்வெட்டிகளின் அலுமினிய என்ஜின் தேய்ந்தால் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். வார்ப்பிரும்பு பிளாக் அப்படியல்ல. லேத் பட்டறையில் கொடுத்து போர் செய்து, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போட்டால் மறுபடி புது என்ஜின். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, பிறகு 20, பிறகு 30 என்று பெரிய அளவு பிஸ்டன்கள் உண்டு. அதாவது ஒரு பிளாக்குக்கு இன்னும் மூன்று ஜென்மம்!

மூன்றுதான். அதற்கு மேல் ஸ்லீவ் போட வேண்டும். செலவு வண்டியின் விலையைத் தொட்டுவிடும். இந்த வரிசை பிளாக்குகளை வார்ப்பது நின்று பல வருடங்கள் ஆகின்றன. இருப்பது இருப்பதுதான். மேக்கப் வியாபாரத்தால் முழுகுவது இதுதான்.

எப்படி என்று பாருங்கள்.

இந்த என்ஜினில் ஆயில் பம்பும் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சின்னக் கரண்டி போன்ற நீட்சி எண்ணெயை அள்ளித் தெளிக்கும். அதுதான் மொத்த ஏற்பாடு. ராட் அலுமினியம். கிராங்கில் அது தனி பேரிங் இல்லாமல் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் குறைந்தாலோ, தேய்ந்து ஆட்டம் கண்டாலோ ராட் உடையும். உடைந்த துண்டு சுற்றுகிற வேகத்தில் பிளாக்கைக் குத்தி ஓட்டை போடும். அந்த நிமிடமே மூன்று ஜென்மமும் முடிந்தது.

உள்ளே பிரித்துப் பார்க்காமல் வெளியே வண்ணம் அடித்து விற்றால் நடப்பது இதுதான். வாங்கியவர் 'புது வண்டி மாதிரி இருக்கே' என்ற நம்பிக்கையில் முதல் நாளே கலப்பையை மாட்டி முழு வேகத்தில் ஓட்டுகிறார். பழைய வண்டி பழைய கோலத்தில் இருந்திருந்தால் பயந்து பயந்து ஓட்டியிருப்பார். எண்ணெய் அளவையாவது பார்த்திருப்பார். பெயிண்ட் அந்த எச்சரிக்கையையும் அழித்துவிடுகிறது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால்தானே புழு தெரியும்?

கியர் பாக்ஸ் கதையும் இதேதான். வருடக்கணக்கில் மழையில் நின்ற வண்டியின் பின்பக்கத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும். எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால் பால் கலந்த காப்பி மாதிரி இருக்கும். அதை மாற்ற ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது வெளியே தெரியாதே! வெளியே தெரியாத வேலைக்கு விலை கிடைக்காது என்பதுதான் இந்த வியாபாரத்தின் கணக்கு.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. அறுபதுகளில் வந்த பல வண்டிகளில், ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் கிடையாது. பெல்ட்டை மூடும் தகரங்கள் எங்கோ கழன்று தொலைந்திருக்கும். பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை மூடிய கராஜில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கிளம்பும் தூசி பக்கத்தில் விளையாடும் பிள்ளையின் மூச்சில்தான் போகும். பளபளவென்று இருக்கும் வண்டியைப் பார்த்ததும் அப்பா என்ன செய்வார்? பிள்ளையைத்தான் முதலில் உட்கார வைத்துப் படம் எடுப்பார். இருக்கை சுவிட்ச் இல்லாத, பெல்ட் மூடி இல்லாத வண்டியில்.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டம் வரும். "கம்பெனியில் வந்தபடியே இருக்க வேண்டும், சுவிட்ச் சேர்த்தால் அசல் கெட்டுவிடும்" என்பவர்கள். சுவிட்சுக்கு இரண்டு ஒயர். வேண்டாதபோது கழற்றிவிடலாம். விரல் போனால் திரும்ப வருமா? அருங்காட்சியகத்தில் நிற்கப்போகிற வண்டிக்கு அந்த வாதம் சரி. தோட்டத்தில் ஓடப்போகிற வண்டிக்கு அது வீம்பு.

மேக்கப் கட்சிக்காரர்களின் வாதத்தில் ஒன்று மட்டும் யோசிக்க வேண்டியது. "பளபளப்பைப் பார்த்துத்தானே புதியவர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள்? துருப்பிடித்த வண்டியைக் காட்டினால் யார் வருவார்கள்?" என்கிறார்கள். உண்மைதான், கண்ணுக்கு அழகு வேண்டும். பெயிண்ட் துருவையும் தடுக்கும். யாரும் பெயிண்ட் அடிக்காதே என்று சொல்லவில்லை. கடைசியில் அடி என்பதுதான் விஷயம். ஆனால் அழகைப் பார்த்து வந்த புதியவர் முதல் மாதமே ராட் உடைந்து நிற்கும்போது என்ன ஆகிறார்? கையில் இருந்த பணம் போய், 'பழைய வண்டியே வேண்டாம்டா சாமி' என்று ஓடுகிறார். ஆள் சேர்க்கும் வழியா இது?

நிஜமான சீரமைப்பின் வரிசை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. முதலில் என்ஜினை இறக்கி அளந்து பார்ப்பது. சிலிண்டர் ஹெட் கோணியிருந்தால் தடித்த கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்துச் சமமாக்குவது. வால்வு, கார்புரேட்டர், பாயின்ட், கண்டென்சர். பாயின்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு. ஃபீலர் கேஜ் இருந்தால் யாரும் வைக்கலாம். பிறகு கியர் பாக்ஸ் எண்ணெய், சீல், கிளட்ச், பிரேக், முன் அச்சின் பின்கள், ஒயரிங், சுவிட்ச், மூடிகள். வேலை செய்து ஓட்டிப் பார்த்து, ஒழுகல் எல்லாம் நின்ற பிறகு பெயிண்ட்.

இதையெல்லாம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டி சில சமயம் பளபளப்பாகக்கூட இருக்காது. அதனால் அவர்களுக்கு விலை கிடைப்பதில்லை. ஒரு மாதம் உழைத்தவருக்கும் இரண்டு நாளில் ஸ்ப்ரே அடித்தவருக்கும் ஒரே விலை என்றால், அடுத்த முறை அவர் மட்டும் எதற்காக என்ஜினைப் பிரிக்க வேண்டும்? இந்த அநியாயத்தை மாற்றக் கூடியவர் வாங்குபவர் ஒருவர்தான்.

எனவே வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். போவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆறிய பிறகு உங்கள் எதிரில் கிளப்பச் சொல்லுங்கள். நீலப் புகை வருகிறதா பாருங்கள். கியர் பாக்ஸ் எண்ணெயைக் காட்டச் சொல்லுங்கள். முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். "என்ஜின் ரீபில்ட்" என்றால் எந்த அளவு பிஸ்டன் போட்டது, லேத் பட்டறை ரசீது எங்கே, பிரித்தபோது எடுத்த படம் எங்கே என்று கேளுங்கள். செய்தவர் சந்தோஷமாக ஒரு மணி நேரம் பேசுவார். செய்யாதவர் பெயிண்டைக் காட்டுவார்.

பெயிண்டைக் காட்டினால், துருப்பிடித்த வண்டிக்கு என்ன விலையோ அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.