நடந்து வந்த மாகாணம்

‘வட மாகாணத்தின் தென்பாகம் மக்களில்லாத வெறுங்காடு’ என்று என் மாணாக்கனொருவன் கட்டுரையில் எழுதியிருந்தான். சந்திப்பிழை இரண்டைத் திருத்திய பின்னரும் அவ்வாக்கியத்தின்மேற் பேனாவை வைத்தபடியே சிறிது நேரம் இருந்துவிட்டேன். அவன் மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து வருபவன். அவனுடைய முன்னோர் அவ்‘வெறுங்காட்டி’னூடாகக் கால்நடையாகவே இவ்வூருக்கு வந்தனர்.

மாத்தளை மாவட்டமும் மன்னார் மாவட்டமும் பரப்பில் ஏறத்தாழச் சமமானவை. ஒவ்வொன்றும் 2,000 சதுர கிலோமீற்றருக்குச் சற்றே குறைவு. ஆயின் 2012 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி மாத்தளையில் வாழ்ந்தோர் 4,84,000 பேருக்கு மேல். மன்னாரில் ஓரிலட்சம் பேர்கூட இல்லை. இவ்விரண்டினும் பெரிய முல்லைத்தீவில் இருந்தோர் 92,000 பேரளவினரே. இதற்கு மண்ணைக் குறைகூறுதல் முறையன்று. 1990 இல் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 2009 இல் முள்ளிவாய்க்காலில் மாண்டோரும், கடல் கடந்தோரும் அத்தொகையில் இல்லை. மண்ணோ குளம் நிறைந்த மண். அனுராதபுரத்தினூடாக வரும் மல்வத்து ஓயா, மன்னார்ப் பக்கம் எய்தியதும் அருவியாறென்று பெயர் பெற்று, கட்டுக்கரைக் குளத்துக்கு நீரூட்டி, அரிப்புக்கு அண்மையிற் கடலோடு கலக்கிறது. முல்லையும் நெய்தலும் அயலயலே கிடக்கும் நிலத்தைக் காண விரும்பும் மாணவர் நந்திக்கடற்கரையிற் சென்று நிற்பாராக. முல்லைத்தீவு என்ற பெயரே அதனைச் சொல்லும்.

ஆட்சியின் கதை வேறு. 1833 இல் ஆங்கிலேயர் இலங்கையை ஐந்து மாகாணங்களாக வகுத்தபோது, கண்டியரசுக்குரிய நுவரகலாவியாவை வட மாகாணத்தோடு சேர்த்தனர். மாத்தளை மத்திய மாகாணத்துள் அடங்கியது. 1873 இல் வடமத்திய மாகாணம் புதிதாய்ப் பிரிக்கப்படும்வரை வட மாகாணத்தின் தென்னெல்லை மாத்தளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்நாற்பது ஆண்டுகளே கோப்பிச் செய்கை மலைநாட்டில் ஓங்கிய காலம். மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளி மாத்தளை எல்லையை மிதிக்கும்வரை நடந்தது முழுவதும் ஒரே மாகாணத்தின் நிலம். அம்மாகாணத்தின் அரசாங்க அதிபரோ யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1867 இல் இறக்கும்வரை நெடுங்காலம் அப்பதவி வகித்த டைக் துரை வல்லவரென்றே பெயரெடுத்தவர். எனினும், தண்ணீரின்றியும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தோர் பலர். முத்துக்குளிப்பின் வருவாயை நோக்க அரசின் கண் அரிப்புவரை எட்டியது. ஆளுநர் நோர்த் அங்கே மாளிகையே எழுப்பினார். காட்டுவழியில் விழுந்தவனை நோக்க அக்கண் மிகப் பிந்தியே எட்டியது.

இதனைப் பழங்கதையென்று தள்ளுவாருமுளர். அவர்கட்கு ஒன்று கூறுவேன். 2013 செப்தெம்பரில் மக்கள் தேர்ந்த வட மாகாண சபை கூடியது கைதடியில், அதுவும் யாழ்ப்பாணத்துள்ளேயே. கொக்கிளாயிலுள்ள மீனவனொருவன் சபையைக் காண வேண்டுமாயின் மாகாணத்தை நெடுக்காகக் கடந்தே செல்லல் வேண்டும். அச்சபையின் ஆயுளும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றிய 2017 ஆம் ஆண்டுச் சட்டமும், பாராளுமன்றம் ஏற்க மறுத்த எல்லை நிர்ணய அறிக்கையும் குறுக்கே நிற்க, மறுதேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. ஆளுநரும் செயலாளருமே ஆண்டனர். ‘பத்திலட்சம் பேருக்குச் சபையொன்று எதற்கு?’ என்று இங்கே நண்பரொருவர் என்னை வினவினார். அவர் தலைகளை எண்ணினார், தூரத்தை எண்ணவில்லை. நூறு பிள்ளைகள் ஒரு தெருவிலிருந்தால் ஓராசிரியர் மூவரைக்கொண்டு பள்ளி நடத்தலாம். அந்நூறு பிள்ளைகளும் பத்துக் குளத்தடிகளிற் சிதறியிருப்பின் மூவர் போதுமா? மருத்துவமனைக்கும் பேருந்துக்கும் இதுவே கணக்கு. மக்கள் அருகிய மாகாணத்துக்கு ஆட்சி அதிகமாகவே வேண்டும். அது அண்மையிலும் வேண்டும்.

அச்சபை மீண்டும் அமையுங்கால் மாங்குளத்தில் அமைதல் வேண்டுமென்பது என் கருத்து. கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குக் கிழக்கேயும் மன்னார்க் கரைநோக்கி மேற்கேயும் வழிகள் பிரிவது அங்கேதான். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதனை விரும்பார், அறிவேன். மலையகத்தானுக்கு இதில் என்ன உரிமையென்றும் கேட்பர். 1977 இன் கலவரத்தில் இப்பக்கமிருந்து ஓடியோர் பலர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் இன்று அம்மாகாணத்தின் வாக்காளர். முன்னோர் நடந்த வழியே திரும்பிச் சென்றோருக்கு உரிமையில்லையெனின் வேறெவருக்கு?

2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை இருநூறாண்டு நினைவு நடைபயணமொன்று நிகழ்ந்தது. பதினாறு நாள் நடந்தனர். கொப்பியைத் திருப்பிக் கொடுக்கையில், அவ்வழியை ஊர்ப்பெயர்களோடு வரைந்துவருமாறு மாணாக்கனைப் பணித்தேன். மறுநாள் மதவாச்சிவரை வரைந்து வந்தான். மிகுதியைத் தன் பாட்டியிடம் கேட்டு எழுதுவானாம்.