ஊர் என்பது வீடுகள் மட்டுமல்ல

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கிரேக்க சரித்திரம் நடத்திய வாத்தியார், பிரெஞ்சில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு என்பார். வீடும் தெருவும் சேர்ந்தது 'வீல்'. அங்குள்ள மக்கள் ஒன்றுகூடித் தங்களை ஆண்டுகொள்ளும் அமைப்பு 'சித்தே'. அன்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அத்திப்பட்டுக்கு வந்த பிறகுதான் அர்த்தம் புரிந்தது.

கிரேக்க நாடு மலையும் கடலுமாகத் துண்டுபட்ட பூமி. மக்கள் பள்ளத்தாக்குகளில் தனித்தனியாக வாழ்ந்தார்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் அக்கம்பக்கத்துக் கிராமங்கள் சேர்ந்து, பொதுவாக ஒரு கோயில், கூடிப் பேச ஓர் இடம், எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று வைத்துக்கொண்டன. நகர அரசுகள் பிறந்தது இப்படித்தான். ஸ்பார்ட்டாவுக்குப் பல நூற்றாண்டுகள் மதில்சுவரே கிடையாது. சில கிராமங்கள் சேர்ந்ததுதான் ஸ்பார்ட்டா!

முதலில் பெரிய குடும்பங்கள்தான் ஆண்டன. ஏதென்சில் கி.மு. 508-இல் கிளெய்ஸ்தனிஸ் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குடிமக்களுக்கும் பங்கு வந்தது. பின்னாளில் 500 பேர் கொண்ட சபைக்கு ஆட்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பதவி முடிந்தவர் கணக்கு ஒப்படைத்தே ஆக வேண்டும்.

நம் உத்திரமேரூரிலும் இதே போல நடந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளில் விவரம் இருக்கிறது. 30 குடும்புகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது; அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது.

குறைகளும் உண்டு. ஏதென்சில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை. உத்திரமேரூரில் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இடம். ஆனால் கணக்குக் கேட்பது என்ற வழக்கம் இரண்டிலும் இருந்தது.

இங்கே அனல் மின் நிலையம், துறைமுகம், தொழிற்சாலைகள் என்று பிழைக்க வந்தவர்கள் நிறையப் பேர். பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. 'வீல்' வந்துவிட்டது, 'சித்தே' வரவில்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆபீசில் ஆயுள் முழுக்க அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தவன் நான். ஆனால் பல வருடங்கள் கிராம சபைப் பக்கமே போனதில்லை. ஒரு அக்டோபர் 2-ஆம் தேதிதான் முதன்முறையாகப் போனேன். தெருவிளக்குச் செலவு பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதிலும் சொன்னார்கள். வெளியே வந்தபோதுதான் இது என் ஊர் என்று தோன்றியது.

ஷிப்டு வேலைக்காரர்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஏதென்சிலும் ஏழைகளால் வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லை. அதனால் சபைக்கு வந்தவர்களுக்குப் படி கொடுத்தார்கள். நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அடுத்த கிராம சபைக்கு நான் போகிறேன். நீங்களும் வாருங்கள். வரும்போது எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வாருங்கள்.