ஒரு சோறு பதமாகுமா?

டென்மார்க்கில் தமிழர் எத்தனை பேர்? இவ்வினாவுக்கு எம்மவர் ஆளுக்கொரு தொகையைக் கூறுகின்றனர். அரசிடமும் ஊடகங்களிடமும் உரிமை கோரும் ஒரு சமூகத்துக்கு இது அழகன்று. தொகை பிழைத்தால் கோரிக்கையும் வலுவிழக்கும்.

எண்ணுவதில் டென்மார்க் உலகின் முன்னோடி. 1968 இல் ஒவ்வொருவருக்கும் தனி இலக்கம் வழங்கிக் குடித்தொகைப் பதிவேட்டை உருவாக்கியது. 1981 இல், வீடுவீடாகப் படிவம் கொடுக்காது, பதிவேடுகளை மட்டுமே கொண்டு குடிசன மதிப்பீட்டை நடத்திய முதல் நாடும் இதுவே. ஆயினும் அப்பதிவேடு பிறந்த நாட்டையும் குடியுரிமையையும் அறியும், தாய்மொழியை அறியாது. 'இலங்கை' என்ற நிரலில் தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் அடங்குவர். தமிழகத்திலிருந்து வந்தோர் 'இந்தியா' என்ற நிரலில் மறைந்துவிடுவர்.

இதனினும் முக்கியமானது மூன்றாம் தலைமுறை. பெற்றோரில் ஒருவரேனும் டென்மார்க்கில் பிறந்து டெனிஷ் குடியுரிமையும் உடையவராயின், அவர்களின் பிள்ளை டெனிஷ் பூர்வீகத்தவர் என்றே புள்ளிவிபரத்தில் கொள்ளப்படும். 1980களில் அகதியாய் வந்த பாட்டியிடம் தமிழில் கதை கேட்டு வளரும் பேரப்பிள்ளை, அந்நிரலில் தமிழரின் வழித்தோன்றலாகத் தோன்றாது. நாளை அத்தொகை குறைந்தால், தமிழர் அருகிவிட்டனர் என எவரும் முடிவுகட்டலாகாது; வரையறையே அவ்வாறு காட்டுகின்றது.

பிறர் கணக்கை ஆராயும் நாம் எமது கணக்கையும் ஆராய்தல் வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியேயான நாடுகளின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடப்பாடு 2002 இல் உள்ளூராட்சி சபைகளிடமிருந்து நீக்கப்பட்டது. அதன் பின் தமிழ்க் கல்வியின் சுமை பெற்றோரினதும் தொண்டர்களினதும் தோள்களிலேயே தங்கியுள்ளது. இந்நிலையில் தமிழ்ப் பாடசாலை விழாவிலோ ஹேர்னிங் ஆலயத் திருவிழாவிலோ படிவம் கொடுத்து, "எம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர்" என மகிழ்வது எளிது. ஆனால் விழாவுக்கு வந்தவர் யார்? தமிழை விடாது பற்றியிருப்பவரே. கோப்பன்கேகனில் தனித்து வாழ்ந்து கற்கும் இளைஞரிடம் எவரும் கேட்கவில்லை. யாருக்கு எம் உதவி மிகவும் தேவையோ, அவரே கணக்கிலிருந்து விடுபடுகிறார்.

படிவங்களைப் பெருக்குவதால் இக்குறை தீராது. 1936 இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்க இதழ் ஏறத்தாழ 24 இலட்சம் பேரின் விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 ஐ வென்றார். தொலைபேசியும் மோட்டார் வாகனமும் உடையோரின் பட்டியல்களையே பெரிதும் நம்பியதும், விடையளிக்காதோரை மறந்ததும் அவ்விதழை வீழ்த்தின. மாறாக, எழுமாற்றாகத் தெரியப்பட்ட 400 பேர் யாவரும் விடையளித்தால், பெரும்பாலும் 5 விழுக்காட்டுப் புள்ளிகளுக்குட்பட்ட பிழையோடு உண்மையை அண்மிக்கலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரே நீரில், ஒரே அனலில் வெந்த சோற்றுக்கே அது பொருந்தும். ஊராலும் தலைமுறையாலும் வேறுபட்ட எம் சமூகம் ஒரே பானையன்று.

ஆகவே பெற்றோரே, எமது அமைப்புகள் கணிப்பொன்றை வெளியிடும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: யாரிடம் கேட்டீர்கள்? எத்தனை பேர் விடையளிக்கவில்லை? யாரைக் கேட்கவேயில்லை? இளையோரே, இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நீங்கள் கற்ற புள்ளியியலை எம் மக்களுக்காகப் பயன்படுத்துங்கள். விழாவுக்கு வராத வீட்டின் கதவையும் தட்டுங்கள். அங்கு கிடைக்கும் விடை எமக்குக் கசக்கலாம். ஆயினும் அதனையும் சேர்த்துச் சொன்னால்தான் எம் குரலை இந்நாடு நம்பும்.