பாலிஷ் வேண்டாம், காற்று கசியாமல் இருந்தால் போதும்

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் தாயார் பெயர் மரகதவல்லி. குழந்தை வரம் வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்தால், விடிவதற்குள் அது முளைவிட்டிருக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பரணில் பல வருடம் கிடந்த சாக்ஸபோனை எடுத்துப் பார்ப்பவர்கள் அதையும் வறுத்த பயறாகத்தான் நினைக்கிறார்கள். எந்தச் சாவியை அழுத்தினாலும் சத்தம் வராது, உடம்பெல்லாம் கறுத்திருக்கும், எடைக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும். உண்மையில் அதற்கு அற்புதம் எதுவும் தேவையில்லை. பித்தளை உடம்பு அப்படியே உயிரோடு இருக்கிறது. செத்துப்போனவை தோலும் கம்பளியும் கார்க்கும் துருப்பிடித்த ஸ்பிரிங்குகளும்தான். அவற்றை மாற்றிவிட்டால் கருவி மறுபடி பேசும். ஆனால் பழுது பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் போய் நிற்பது பாலிஷ் சக்கரத்தின் முன்னால். இதைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறேன்.

சாக்ஸபோனின் உடம்பில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூடி. மூடிக்குள் ஒரு பேடு. கம்பளி வட்டை ஒன்றை மெல்லிய தோலால் போர்த்திச் செய்தது அது. அதை மூடிக்குள் ஒட்டுவதற்குப் பழுது பார்ப்பவர்கள் இன்றும் நம்பும் பொருள், நமக்கு நன்றாகத் தெரிந்த அரக்கு. மூடியைச் சூடாக்கி, அரக்கு இளகும்போது பேடைத் துளை விளிம்போடு மட்டமாக அமர்த்த வேண்டும். தலைமுடி அகலம் சாய்ந்தாலும் காற்று கசியும். எல்லாவற்றிலும் கீழான சுரத்துக்கு அத்தனை துளைகளும் மூடியிருந்தாக வேண்டும் என்பதால், மேலே எங்கோ ஒரு பேடில் இருக்கும் கசிவு கீழ்ச்சுரத்தில் போய்க் கரகரக்கும். வாசிப்பவர் கீழ்ப்பகுதியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார். நல்ல மெக்கானிக் இருட்டறையில் குழலுக்குள் ஒரு சின்ன விளக்கை இறக்கி, மூடிகளை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்துவார். பேடின் ஓரத்தில் நூலிழையாய் வெளிச்சம் தெரிகிற இடமே நோய் இருக்கும் இடம். பழுதுபார்ப்பு என்பது முக்கால்வாசி இந்த வேலைதான்.

பாலிஷ் சக்கரம் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. அது அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, பித்தளையையும் சேர்த்து எடுக்கிறது. துளை விளிம்பு தேய்ந்தால் புதுப் பேடும் சரியாக உட்காராது. சாவிகளைத் தாங்கும் தூண்கள் தேய்ந்தால் சாவிகள் ஆடும். மணிவாயில் கையால் செதுக்கிய பூவேலை மழுங்கும். பின்புறம் பொறித்த எண்ணும் அழியலாம். செல்மர் நிறுவனம் 1954 முதல் செய்த மார்க் 6 போன்ற கருவிகளின் வயதைச் சொல்வதே அந்த எண்தான். உத்திரமேரூர் இருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், அங்கே வெட்டிய குடவோலைக் கல்வெட்டு இன்றும் படிக்கக் கிடைப்பது, அந்தச் சுவரை யாரும் 'பளிச்சென்று' ஆக்காததால். கும்பாபிஷேகத்துக்கு அழகுபடுத்துகிறோம் என்று மணல் வீச்சால் சுவரைச் சுத்தம் செய்த கோயில்களில் எழுத்துகள் கண்ணெதிரே உதிர்ந்தன. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அறநிலையத் துறை அந்த முறைக்குத் தடை போட்டது. கல்லுக்குப் புரிந்துகொண்ட நியாயம் பித்தளைக்கும் பொருந்தும்.

கல்யாண வரவேற்பில் மங்கிப்போன வாத்தியத்தோடு நின்றால் அடுத்த சான்ஸ் வராதே என்று கேட்பார்கள். பிழைப்பைத் தொட்ட கேள்வி, தள்ளிவிட முடியாது. ஆனால் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் பொறுமையும் போதும். கருவி கௌரவமாகவே தெரியும். வெள்ளி முலாம் இருந்தால் கையாலேயே மெருகேற்றலாம். கழுத்துக் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றி, துத்தநாகம் கரைந்து உலோகமே அரித்திருந்தால் கதை வேறு. அங்கே அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியிருக்கும், செலவைப் பார்க்கக் கூடாது. புதிது மலிவாகக் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். மலிவுக் கருவிகள் பலவற்றில் சாவித்தண்டு மெத்தென்று வளைகிறது. அடுத்த முகூர்த்த சீசனுக்குள் அதுவும் மெக்கானிக்கிடம் வந்துவிடும். பழையதைப் போற்றுவது நமக்குப் புதுப் பழக்கமும் இல்லை. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள், இடித்த பழைய வீடுகளிலிருந்து வரும் ஆச்சா மரத்தைத் தேடித்தானே வாங்குகிறார்கள்.

இது வெளிநாட்டு வாத்தியம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பவர்களும் உண்டு. அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி என்பது சரி. பாலுசுவாமி தீட்சிதர் கையிலெடுத்த வயலினும் வெளியிலிருந்து வந்ததுதான். நாகஸ்வர வித்வானின் மகனான கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதில் கமகத்தைக் கொண்டுவந்தார். 1994இல் அவர் வாசிப்போடு 'டூயட்' படம் வந்த பிறகு தமிழ்நாட்டில் அந்த நாதம் போகாத தெரு இல்லை. கமகத்துக்காக அவர் தம் கருவியிலேயே மாற்றங்கள் செய்துகொண்டார். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. மூச்சுக்கும் விரலுக்கும் வசதியாகச் செய்யும் மாற்றம் வாத்தியத்தை வளர்க்கிறது. கண்ணுக்காக மட்டும் சுரண்டுவது அதன் ஆயுளைக் குறைக்கிறது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள். அங்கேயே பழுதுபார்ப்புக்கு ஒரு மேசை போடலாம். பித்தளைப் பாத்திரத்தில் ஒடுக்கெடுக்கத் தெரிந்த கைகள் நம் ஊரில் எப்போதும் உண்டு. அரக்கும் பேடும் விளக்கும் கொடுத்துப் பழக்கினால் போதும், வாசிப்பவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு அலைய வேண்டியிருக்காது. அதுவரை, பழைய சாக்ஸபோன் வைத்திருப்பவர்கள் கடைக்குப் போனதும் பாலிஷுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். அறையை இருட்டாக்கி, உள்ளே விளக்கை இறக்கச் சொல்லுங்கள். எத்தனை பேடுகளின் ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறதோ, அத்தனைக்கு மட்டும் கூலி பேசுங்கள்.