அவிட்டம் சிதைந்த பெயரல்ல

சேலம், நாமக்கல் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடைப்பு உண்டா என்று பஞ்சாங்கம் பார்க்கும்போது ‘தனிஷ்டா பஞ்சமி’ என்ற பேச்சு வரும். அவிட்டம் முதல் ரேவதி வரையிலான ஐந்து நட்சத்திரங்களைக் குறிப்பது அது. அதைக் கேட்டுப் பழகிய பலர், தனிஷ்டாதான் மூலப்பெயர், நாட்டுப்புற வாய் அதை அவிட்டம் என்று சிதைத்துவிட்டது என்கிறார்கள். படித்தவர்களும் இதையே சொல்வதுதான் வருத்தம்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். தனிஷ்டா தமிழுக்கு வந்திருந்தால் தனிட்டம் ஆகியிருக்கும். முதலெழுத்தான ‘த’ உதிரவும் ‘னி’ போய் ‘வி’ வரவும் வழியே இல்லை. அவிட்டத்தின் மூலம் ச்ரவிஷ்டா என்ற வேறொரு பெயர். பிராகிருதத்தில் அதன் ரகரம் மறைந்தது. தமிழில் முதல் சகரமும் விழுந்தது. சிரமணர் சமணராகி, அமணராகவும் ஆனது இதே தடத்தில்தான். சிராவணம் ஆவணியானதும், பக்கத்து நட்சத்திரமான சிரவணம் ஓணமானதும் அப்படியே. ஜ்யேஷ்டா கேட்டையானபோது ‘ஷ்ட’ எப்படி ‘ட்ட’ ஆனதோ, அப்படித்தான் இங்கும் ஆயிற்று. இத்தனை சொற்கள் ஒரே நெறியில் மாறியிருக்கும்போது அதை நாக்குப் பிசகு என்பது நியாயமில்லை. மலையாளத்திலும் இது அவிட்டமே, திருவோணத்துக்கு மறுநாள்.

அடுத்தது பழமை. அதர்வ வேதத்தின் நட்சத்திரப் பட்டியலில் இருப்பது ச்ரவிஷ்டா. வேதாங்க ஜோதிடம் ஐந்தாண்டு யுகத்தை, சூரியனும் சந்திரனும் ச்ரவிஷ்டாவில் சேர்ந்து உத்தராயணம் தொடங்கும் நேரத்திலிருந்து எண்ணுகிறது. தனிஷ்டா பின்னால் மேலோங்கிய பெயர். ஆக, வடமொழிப் பஞ்சாங்கமே விட்டுவிட்ட பழம்பெயரை நம் ஊர்ப் பேச்சு இன்றும் வைத்திருக்கிறது. இதற்குப் போய் வெட்கப்படச் சொல்கிறார்கள்!

அச்சேறிய பெயரெல்லாம் தொன்மையானது என்ற நம்பிக்கையும் சரியல்ல. அவிட்டத்தை மேலை வானியலார் டெல்பினஸ், அதாவது ஓங்கில், என்பர். ஆவணி இரவில் பத்து மணிக்கு மேல் திருவோண மீனுக்குச் சற்றுக் கிழக்கே, ஏறக்குறைய உச்சியில், நாலைந்து மங்கல் மீன்களாகத் தெரியும். மிகப் பிரகாசமானதன் ஒளியளவே 3.6தான், சேலம் நகர வெளிச்சத்தில் தேடுவது கடினம், கொல்லிமலையில் எளிது. அதன் இரு முதன்மை மீன்களான சுவாலோசின், ரோட்டனெவ் என்பவை அரபுப் பெயர்கள் போல ஒலிக்கும். அவை 1814ஆம் ஆண்டுப் பலெர்மோ வானாய்வக நட்சத்திரப் பட்டியலில் முளைத்தவை. அங்கே உதவியாளராக இருந்த நிக்கோலோ கச்சியாத்தோரேயின் பெயரை லத்தீனில் நிக்கோலாவுஸ் வெனேட்டர் என்றாக்கி, எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக எழுதினால் இவை கிடைக்கும்.

மிஞ்சுவது பழமொழி. அவிட்டத்தில் பிறந்தால் தவிட்டுப் பானையிலும் தனம் என்பதால், ‘மிகுந்த செல்வமுடையது’ எனப் பொருள்படும் தனிஷ்டாவே மூலம் என்பார்கள். ச்ரவிஷ்டா என்றால் மிகுந்த புகழுடையது. அதில் செல்வம் இல்லைதான். ஆனால் இந்த நட்சத்திரத்தின் தேவதைகள் அஷ்ட வசுக்கள். வசு என்றாலே செல்வம். தனத்தை அவர்கள் கொடுத்திருக்கலாம், அவிட்டத்தோடு தவிடு சேரும் எதுகையும் கொடுத்திருக்கலாம். தனிஷ்டா கொடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.