திருச்சானூரில் வாடகை அறைகளில் தங்கிப் பயிலும் மாணவர்களின் தங்குமிடச் செலவு குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருப்பதி மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.

நகல்: மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்; திருமலை திருப்பதி தேவஸ்தானச் செயல் அலுவலர்; ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பதிவாளர்கள்; சமூக நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை மாவட்ட அலுவலர்கள்.

பொருள்: கல்விக் கடனும் உதவித்தொகையும் அறை வாடகைக்கும் உணவுக்கும் எட்டாத நிலை, அதைச் சரிசெய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

திருச்சானூரிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் அறை எடுத்துத் தங்கி, திருப்பதியின் பல்கலைக்கழகங்களிலும் இணைப்புக் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் உறுப்பினராகக் கொண்ட சங்கம் இம்மனுவைப் பணிவுடன் முன்வைக்கிறது. உறுப்பினர் குடும்பங்களில் பெரும்பாலானவை நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரங்களில் விசைத்தறியையும் சிறு வேளாண்மையையும் நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்களாதலால், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் குறை தீர்க்கும் மனு அளிக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் உறுப்பு தரும் உரிமையின்படி மனு தமிழில் எழுதப்பட்டுள்ளது. அலுவலகப் பயன்பாட்டுக்காகத் தெலுங்கு வடிவமும் இணைக்கப்பட்டுள்ளது.

கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நிற்பதைத் தடுக்க அரசும் வங்கிகளும் கடந்த இருபது ஆண்டுகளில் பல ஏற்பாடுகளைச் செய்துள்ளன. அவற்றை இச்சங்கம் நன்றியுடன் ஏற்கிறது. ஆயினும் கட்டணத்துக்கு வழி கிடைத்த பின்னரும், தலைசாய்க்க ஓர் இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் இல்லாமல் முதலாண்டிலேயே ஊர் திரும்பும் மாணவர்கள் இருக்கிறார்கள். இச்செலவுக்குப் பணம் தர விதிகளில் இடமில்லை என்பதன்று இச்சங்கத்தின் குறை. பணம் பெறுவதற்கான தகுதியை மெய்ப்பிக்கும் சான்று மாணவர் கையில் சேர்வதில்லை என்பதே குறை. மாவட்ட நிருவாகம் முனைந்தால் அதைப் பெரும்பாலும் புதிய நிதி ஒதுக்கீடு இன்றியே தீர்க்க இயலும் என இச்சங்கம் உறுதியாகக் கருதுகிறது.

திருப்பதி அளவில் சிறியதாயினும் உயர்கல்விக்குப் பெரிய ஊர். 1954-இல் தேவஸ்தானத்தின் துணையோடு எழுந்த ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983-இல் தொடங்கிய மகளிர் பல்கலைக்கழகம், மருத்துவ, வேளாண், கால்நடைக் கல்லூரிகள், சமஸ்கிருதப் பல்கலைக்கழகம், 2015-இல் வந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம் என இங்கு பயில வருவோர் தொகை வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வளாக விடுதிகளில் இடம் கிடைக்காதவர்கள் திருச்சானூர் போன்ற புறப்பகுதிகளில் அறை தேடுகிறார்கள். ஆனால் இது தாயார் சந்நிதி உள்ள ஊர். ஆண்டு முழுவதும் யாத்திரிகர் வந்து தங்கும் ஊர். ஒரு நாளுக்கு அறை எடுக்கும் யாத்திரிகர் தரும் தொகையோடு, மாதக் கணக்கில் தங்கும் மாணவர் போட்டியிட வேண்டியிருப்பதால், வாடகை மாணவரின் சக்தியைக் கொண்டு முடிவாவதில்லை. கார்த்திகை பிரம்மோற்சவமும் பஞ்சமி தீர்த்தமும் நடக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பருவத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாணவர்கள், அறையைச் சில நாட்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி உரிமையாளர்களால் கேட்கப்படுவதும் உண்டு. யாத்திரிகர் வருகையால் இவ்வூர் வாழ்கிறது என்பதை இச்சங்கம் மறக்கவில்லை. மாணவரும் அதே ஊரில் குடியிருப்பவர் என்பதையே நினைவூட்ட விரும்புகிறது.

இந்திய வங்கிகள் சங்கம் வகுத்து, வங்கிகள் பின்பற்றிவரும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், கடனில் சேர்க்கத்தக்க செலவுகளாகக் கல்லூரிக் கட்டணத்துடன் விடுதிக் கட்டணமும் சொல்லப்பட்டுள்ளது. அத்துடன் மாணவர் வெளியில் தங்க விரும்பினாலோ தங்க நேர்ந்தாலோ, நியாயமான அளவில் தங்குமிட, உணவுச் செலவையும் கருத்தில் கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே கூறப்பட்டுள்ளது. 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணையும் வேண்டியதில்லை. ‘மார்ஜின்’ எனப்படும், குடும்பம் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கும் வேண்டியதில்லை. இவ்வளவு தெளிவான விதி இருந்தும் அறை வாடகை கடனில் சேராமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, கடன் தொகையை இயன்றவரை கல்வி நிறுவனத்துக்கே நேரடியாகச் செலுத்த வேண்டும் என்பது அதே திட்டத்தின் நடைமுறை. கல்லூரிக்கு வங்கிக் கணக்கும் கட்டண அட்டவணையும் உண்டு. மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடும் வீட்டுக்காரரிடம் இரசீதுகூட இல்லை. எனவே கிளை மேலாளர் கல்லூரி தரும் கட்டணச் சான்றில் உள்ள தொகையை மட்டும் கடனாக எழுதுகிறார். அவர் செய்வது பிழையென்று சொல்லவும் முடியாது, ஏனெனில் அவர்முன் வேறு சான்று இல்லை. இரண்டாவது, பெற்றோர் குடியிருக்கும் ஊரின் கிளையிலேயே கடன் பெறுவது வழக்கம். 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பின் நகரி சித்தூர் மாவட்டத்திலும் திருச்சானூர் திருப்பதி மாவட்டத்திலும் இருப்பதால், நகரிக் கிளையின் மேலாளர் வேறொரு மாவட்டத்து அறையின் வாடகையைச் சரிபார்க்க வழியில்லாமல் நிற்கிறார்.

ஆகவே, விடுதியில் இடம் ஒதுக்க இயலாத ஒவ்வொரு மாணவருக்கும், இடம் ஒதுக்க இயலவில்லை என்பதையும், வெளியில் தங்க ஆகும் நியாயமான மாத வாடகையையும் உணவுச் செலவையும் குறிப்பிட்டு, கல்லூரி முதல்வரோ பதிவாளரோ கையொப்பமிட்ட ஒரு பக்கச் சான்றினைச் சேர்க்கையின்போதே வழங்க ஆணையிடும்படி இச்சங்கம் கோருகிறது. நியாயமான தொகை எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் ஜூன் மாதத்துக்குள் பகுதிவாரியாக ஆட்சியர் அலுவலகமே நிர்ணயித்து வெளியிடுவது நல்லது. ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு தொகை எழுதினால் வங்கிகள் நம்ப மாட்டா. ஆட்சியர் தலைமையில் வங்கிகளும் அரசுத் துறைகளும் கூடும் மாவட்ட ஆலோசனைக் குழுவில் இச்சான்றை ஏற்கத் தீர்மானித்து, அத்தீர்மானத்தைச் சித்தூர் மாவட்டக் குழுவுக்கும் தமிழ்நாட்டு எல்லை மாவட்டக் குழுக்களுக்கும் அனுப்ப வேண்டும். வாடகைப் பங்கை மாணவர், பெற்றோர் கூட்டுக் கணக்கில் பருவத்துக்கு ஒருமுறை விடுவிப்பதற்கும் அதே தீர்மானம் வழிசெய்ய வேண்டும்.

கடன் என்பது படிப்பு முடிந்து, மேலும் ஓராண்டுத் தவணை விலக்குக் காலமும் கழிந்த பின் வட்டியோடு திருப்பித் தர வேண்டிய பணம். வறிய குடும்பங்களுக்கு உதவித்தொகையே முதல் துணையாக இருக்க வேண்டும். அதன் அளவு போதவில்லை என்பதை எண்களே காட்டுகின்றன. பட்டியல் இனத்தவருக்கான ஒன்றிய அரசின் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையில், 2021-இல் திருத்தப்பட்ட வீதப்படி, தொழிற்கல்விப் பட்டம் பயிலும் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாயும் வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000 ரூபாயும் பராமரிப்புக்காக வழங்கப்படுகின்றன. பொதுப் பட்டப்படிப்பில் இது முறையே 6,000, 3,000 ரூபாய். அதாவது இளங்கலை பயிலும் விடுதி மாணவருக்கு மாதம் 500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவராகக் கணக்கில் வைக்கப்பட்டவருக்கு 250 ரூபாய். மாநில அரசு 2020 பிப்ரவரியில் தொடங்கிய ‘வசதி தீவென’ திட்டம் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் என வகுத்தபோது அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதையும் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 1,667 ரூபாய்க்கு மேல் வராது. உதவி எப்பெயரில் தொடர்ந்தாலும், தவணை வரும் தேதி முன்கூட்டியே தெரியாவிட்டால் வாடகைக்கு அது பயன்படாது. வீட்டுக்காரர் மாதத்தின் முதல் வாரத்தில் கேட்கிறார். தவணைத் தேதிகளைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அறிவித்து, தவறாமல் கடைப்பிடிக்குமாறு மாநில அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறது இச்சங்கம்.

வெளியில் அறை எடுத்துத் தங்குபவர் பல கல்லூரிப் பதிவேடுகளில் வீட்டிலிருந்து வருபவராகவே எழுதப்படுகிறார் என்பது இம்மனு சுட்டும் குறைகளுள் மிகுந்த வேதனை தருவது. பெற்றோர் வீடு அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, அவருக்குக் கிடைக்கும் பராமரிப்புத் தொகை பாதியாகக் குறைகிறது. ஒன்றிய அரசின் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை விதிகளில், கல்லூரி விடுதியில் இடமில்லாதபோது குறைந்தது 5 மாணவர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, பெரும்பாலும் பொதுச் சமையல் ஏற்பாட்டோடு வாழும் இல்லத்தை ‘விடுதியாகக் கருதத்தக்க இடம்’ என நிறுவனத் தலைவர் நேரில் பார்த்து ஏற்கலாம் என்ற ஏற்பாடு நெடுங்காலம் இடம்பெற்று வந்துள்ளது. ஏழைப் பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதை அறிந்த ஒருவரே இதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் இதைப் பயன்படுத்தக் கோரும் படிவமோ பார்வையிட வரும் அலுவலரோ கல்லூரிகளில் இல்லை. சமூக நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் சேர்ந்து இதற்கான படிவத்தை வெளியிட்டு, விண்ணப்பித்த முப்பது நாட்களுக்குள் இல்லத்தைப் பார்வையிட்டு முடிவு சொல்லவும், இத்தகைய மாணவர்கள் விடுதி மாணவர்களாகவே பதிவாகவும் ஆவன செய்ய வேண்டும்.

அறை எடுக்கும்போது கேட்கப்படும் முன்பணம் இன்னொரு சுமை. கல்லூரிக்குக் கட்டும் வைப்புத்தொகையைக் கடனில் ஓரளவு சேர்க்கலாம். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் ‘அட்வான்சுக்கு’ அந்த வழியும் இல்லை. ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையை முன்பணத்தின் உச்ச வரம்பாக வகுத்தது; அண்டையிலுள்ள தமிழ்நாடு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று மாதம் என்று வைத்தது. மாணவர் தங்கும் அறைகளுக்கு இரண்டு மாத வரம்பையும், எழுத்திலான ஒப்பந்தத்தையும், மாத இரசீதையும் கட்டாயமாக்க இச்சங்கம் கோருகிறது. தனியார் மாணவர் விடுதிகள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டும் என்றும், அதற்குக் கல்வி நிறுவனத் தலைவரின் பரிந்துரை வேண்டும் என்றும், உச்ச நீதிமன்றம் அமைத்த ராகவன் குழு 2007-லேயே கூறியிருக்கிறது. ராகிங் கொடுமையைத் தடுக்கச் சொன்ன அந்தப் பதிவேடு, வாடகையை மெய்ப்பிக்கும் ஆவணமாகவும் பயன்படும். மேலும், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமல் தங்குவோருக்கான தங்குமிடச் சேவைக்கு, 2024 ஜூன் 22 அன்று கூடிய சரக்கு மற்றும் சேவை வரிக் குழுவின் பரிந்துரைப்படி வரி விலக்கு நடைமுறைக்கு வந்துள்ளது. இவ்விலக்கை விடுதிகளின் வாயிலில் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி வைக்கச் செய்தால், வரி என்ற பெயரில் மாணவரிடம் தொகை வாங்குவது நிற்கும்.

2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ‘பி.எம். வித்யாலட்சுமி’ திட்டம் பிணையும் உத்தரவாதமும் இன்றிக் கடன் தருவது வரவேற்கத்தக்கது. ஆனால் தேசியத் தரவரிசையை அடிப்படையாகக் கொண்டே நிறுவனங்கள் (தொடக்கத்தில் 860) அதற்குத் தெரிந்தெடுக்கப்படுவதால், சிற்றூர்ப் பிள்ளைகள் மிகுதியாகப் பயிலும் சாதாரண இணைப்புக் கல்லூரிகளுக்கு அது எட்டுவதில்லை. மேற்கூறிய சான்று முறை அக்கல்லூரி மாணவர்களுக்கே முதலில் தேவைப்படுகிறது.

தேவஸ்தானத்திடம் ஒரு தனி வேண்டுகோள் உண்டு. 2022-இல் புதிய மாவட்டம் பிறந்தபோது, யாத்திரிகர் தங்குவதற்கெனத் திருச்சானூரில் கட்டப்பட்ட பத்மாவதி நிலையத்தில் ஆட்சியர் அலுவலகம் இடம்பெற்றது. பொதுத் தேவை ஒன்றுக்காகத் தேவஸ்தானக் கட்டடம் பயன்பட முடியும் என்பதற்கு அதுவே சான்று. நிலையான அலுவலகம் அமைந்து அக்கட்டடம் விடுபடும் காலத்தில், அதன் ஒரு பகுதியை ஏழை மாணவியருக்கான விடுதியாகக் குறைந்த வாடகையில் நடத்துவதைத் தேவஸ்தானம் கருத வேண்டும். அதுவரை, திருச்சானூர்ப் பகுதியிலுள்ள அன்னப்பிரசாத ஏற்பாட்டில் அடையாள அட்டையுள்ள மாணவர்க்கு இரவு உணவுக்கு இடமளிப்பதும், 5 ரூபாய்க்கு உணவு தரும் அண்ணா கேன்டீன் ஒன்றைத் திருச்சானூர்ச் சாலையில் திறக்க மாநில அரசைக் கேட்பதும் உடனே செய்யத்தக்கவை.

அடுத்து நடைபெறும் மாவட்ட ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இம்மனுவைச் சேர்த்து, சங்கத்தின் பிரதிநிதிகள் இருவருக்கு அதில் கருத்துரைக்க வாய்ப்பளித்து, ஒவ்வொரு கோரிக்கையின் மீதும் எடுக்கப்படும் முடிவை அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை தொடங்கும் முன் எழுத்து வடிவில் தெரிவிக்குமாறு இச்சங்கம் வேண்டுகிறது.

இங்ஙனம்,
சங்கத்தின் சார்பில்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
திருச்சானூர்

இணைப்பு: மனுவின் தெலுங்கு வடிவம், கல்லூரிகள் வழங்க வேண்டிய தங்குமிடச் செலவுச் சான்றின் மாதிரிப் படிவம்.