பொருளாதார சாஸ்திரமும் காஞ்சிபுரத்துத் தறியும்

கைத்தறிக்குச் சட்டப் பாதுகாப்பு எதற்கு, சந்தையின் விதி எங்கும் ஒன்றே, அதற்கு ஈடுகொடுக்க மாட்டாத தொழில் மறைவதே முறை என்று வாதிப்போர் நமது தேசத்தில் உளர். பொருளாதார விதிகள் எக்காலத்தும் எத்தேசத்தும் மாறாதவை என்பதே இவர்களது வாதத்தின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரம் உறுதியுடையதன்று என்பது நமது அபிப்பிராயம்.

1814-இல் ஜெர்மானிய அறிஞர் ஸாவினி, சட்டமானது ஆள்வோர் நினைத்தவுடன் எழுதிவிடத்தக்கதன்று, ஜனசமூகத்தின் வாழ்க்கையினின்றும் மொழியைப் போல வளர்வது என்றார். 1841-இல் பிரெடரிக் லிஸ்ட், காப்பு வரிகளால் தன் கைத்தொழிலை வளர்த்துக்கொண்ட இங்கிலாந்து பிறருக்கு மாத்திரம் தடையற்ற வர்த்தகத்தை உபதேசிப்பதை வெளிப்படுத்தினார். 1892-இல் புனா டெக்கான் கல்லூரியில் பேசிய மகாதேவ கோவிந்த ரானடே, ஆங்கில நூல்களின் விதிகள் இந்திய நிலைமைக்கு அப்படியே பொருந்தா என்று நிறுவினார்.

சரித்திரமும் இதற்குச் சாட்சி. இந்தியச் சீட்டித் துணிகளின் போட்டியைத் தடுக்க, அவற்றை உடுத்துவதையே 1721-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு விலக்கிற்று. அதே ராஜ்யம் 1896-இல், லங்காஷயர் முதலாளிகளின் மனம் கோணாதிருக்க, இந்திய ஆலைத் துணிகளின் மீது நூற்றுக்கு 3½ வீதம் வரி விதித்தது. அவ்வரி ஒழிய ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. தனக்கொரு சாஸ்திரம், நமக்கொரு சாஸ்திரம்!

காஞ்சியின் நிலைமையைப் பாருங்கள். கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிற் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு, பட்டசாலிகள் என்னும் நெசவாளர் வசித்த நான்கு சேரியாருக்கு இருந்ததைப் பத்தாம் நூற்றாண்டு உத்தம சோழன் செப்பேடு கூறுகிறது. நெசவும் கோயிலும் ஊராட்சியும் ஒன்றாகப் பின்னிய சமூகம் அது. இன்றும் உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாவால் நெய்து இணைக்கும் கோர்வை வேலைக்கு, நெய்வோரோடு உடனிருந்து நாடா தள்ளும் துணையாளும் வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பயின்ற இந்த வித்தை ஒருமுறை அறுந்தால் எந்தச் சந்தையிலும் விலைக்குக் கிடையாது.

இதனையுணர்ந்தே 1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் பிறந்தது. 1993-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதனை அங்கீகரித்தது. ஆனால் முதலில் ஒதுக்கிய 22 வகைகள் பின்னர் 11 ஆகக் குறைந்தன. காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றும், விசைத்தறிச் சேலைகள் அப்பெயரால் விற்பனையாகின்றன. ஏட்டிலுள்ள சட்டம் தறிக்கு எட்டவில்லை.

பழையதெல்லாம் போற்றத்தக்கது என்று நாம் கூறவில்லை. முன்பணத்தைக் கொடுத்து, அதற்கீடாகச் சிறுவரைத் தறியில் பிணித்த கொடுமையும் இவ்வூர்ச் சரித்திரத்தில் உண்டு. அதையும் வழக்கமென்றே நியாயப்படுத்தினர். கொத்தடிமை முறையை 1976-ஆம் வருஷத்துச் சட்டம் ஒழித்தது சரியே. கடன்பட்ட நெசவாளியும் கடன் கொடுத்த முதலாளியும் சமமாக நின்று ஒப்பந்தம் செய்கிறார்கள் என்பது, சந்தை விதியைப் போலவே, நடைமுறையைப் பாராத கற்பனை. ஒரு வழக்கம் எக்காரணத்தால் பிறந்தது, அக்காரணம் இன்னும் உளதா, அதனால் வாழ்வோர் யார், நலிவோர் யார் என்று விசாரிப்பதே சரித்திர அறிவின் பயன்.

ஆகவே, ஒதுக்கீட்டை மேலும் குறைக்கலாகாது. போலிச் சரக்கைக் கடைகளிலேயே பரிசோதித்துத் தண்டிக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளிக்கு உரிய கூலியைத் தாமதமின்றி அளிக்க வேண்டும். நாம் கேட்பது தருமமன்று. இந்நாட்டின் நிலைமையறிந்து இயற்றிய சட்டத்தை நிறைவேற்றும்படியே கேட்கிறோம். ராஜாங்கத்தார் இனியும் வாளாவிருப்பது தகாது.